ஒரு நாளைக்கு ஒரு சாண்

வெள்ளைப்பட்டினத்துக் கடலில் உப்பு இருக்கிறவரைக்கும் இந்தக் கதை இருக்கும், அதற்கு மேல் எனக்குத் தெரியாது. நம்பாதவர்கள் காரைக்காலில் பஸ் ஏறி வடக்கே முக்கால் மணி நேரம் வந்தால் போதும், சொல்தா தெருவில் எந்த வீட்டுச் சுவரில் வேண்டுமானாலும் நெஞ்சு உயரத்தில் இருக்கிற ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்துக்கொள்ளலாம். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், குடிக்க ஒரு டீயும் கொடுப்பார்கள்.

பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலத்தில் அவன் பட்டாளத்தில் சேர்ந்து சண்டைக்குப் போய்வந்தவர்களை எங்கள் பக்கத்தில் சொல்தா என்பார்கள். அப்படிப் போனவர்களில் ஒருவர் சவரிமுத்து. முதல் ஜெர்மன் சண்டையில், சேறும் பனியுமாகக் கிடந்த ஒரு பள்ளத்துக்குள், மீசை முளைக்காத ஒரு ஜெர்மன்காரப் பையன் கை எட்டுகிற தூரத்தில் நின்று அவர் நெஞ்சுக்கு நேராகச் சுட்டான். சத்தம் கேட்டது, புகை வந்தது, ஆனால் சவரிமுத்து அப்படியே நின்றுகொண்டிருந்தார். பையன் துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டு ஓடிவிட்டான். சவரிமுத்து அதை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு கப்பல் ஏறி ஊருக்கு வந்து, கல்யாணம் முடித்து, பிள்ளை பெற்று, வயதாகிக் கட்டிலில்தான் செத்தார். அந்தக் குண்டு எங்கே போயிருக்கும் என்று அவர் ஒரு நாளும் யோசித்துப் பார்த்ததில்லை.

குண்டு வந்துகொண்டிருந்தது. வழி தெரியாமல் கடலில் அலைந்ததோ, எங்காவது தீவில் படுத்துத் தூங்கியதோ, எழுபது வருஷம் கழித்து, சவரிமுத்துவின் மகனும் செத்து முப்பதாம் நாள் பூசை நடந்த வாரத்தில், வெள்ளைப்பட்டினத்துக் கரையில் ஏறியது. ஏறியதும் வேகம் போய்விட்டது. தரையிலிருந்து நெஞ்சு உயரத்தில், அந்தரத்தில், கட்டைவிரல் மேல்கணு அளவுக்கு, செம்பு நிறத்தில், காதைக் கிட்டே கொண்டுபோனால் மட்டும் கேட்கிற ரீங்காரத்தோடு, ஒரு நாளைக்கு ஒரு சாண், கூடவும் இல்லை குறையவும் இல்லை, துப்பாக்கிக்கு உடையவர் எங்கே இருக்கிறாரோ அந்தத் திசைக்கு மூக்கைத் திருப்பிக்கொண்டு நகர்ந்தது.

ஊர் முதல் வாரம் பயந்தது, இரண்டாம் வாரம் வேடிக்கை பார்த்தது, மூன்றாம் வாரம் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டது. மண்பானையைக் குறுக்கே வைத்துப் பார்த்தார்கள், அம்மிக்கல்லை வைத்துப் பார்த்தார்கள், சேட்டுக் கடை இரும்புப் பெட்டியையும் வைத்துப் பார்த்தார்கள், அது நிதானமாக எல்லாவற்றையும் துளைத்துக்கொண்டு அந்தப் பக்கம் வந்தது. அதற்குப் பிறகு சுவரில் அது வருவதற்கு முன்பே ஆணியால் குடைந்து வழி செய்து கொடுத்தார்கள், அதற்குக் குண்டுவழி என்று பேர் வைத்தார்கள், சிலர் அந்த ஓட்டைக்குச் சின்னதாக மரக்கதவு கூடப் போட்டார்கள். டீக்கடையைத் தாண்ட அதற்குப் பதினாறு நாள் ஆனது, அந்தப் பதினாறு நாளும் கடைக்காரர் அதன்மேல் ஒரு கறிவேப்பிலைக் கொத்தைச் சொருகிவைத்து வியாபாரம் பண்ணினார். மாரியம்மன் தேர் அதற்கு ஒதுங்கிப் போனது, மாதா சப்பரமும் ஒதுங்கிப் போனது. போலீஸ்காரர்கள் கொலை முயற்சி என்று வழக்கு எழுத வந்தார்கள், சுட்டவன் பேர், ஊர், தகப்பன் பேர் என்ற இடத்தில் பேனா நின்றுபோய்த் திரும்பிவிட்டார்கள். பிள்ளைகளின் வயதைக்கூட, குண்டு தையல்கடையில் இருந்தப்போ பிறந்தது, குண்டு வாய்க்காலைத் தாண்டினப்போ பிறந்தது என்றுதான் தாய்மார்கள் சொல்வார்கள்.

அந்தத் துப்பாக்கிக்கு உடையவர் கஸ்தோன். சவரிமுத்துவின் பேரன், ஒண்டிக்கட்டை, முனிசிபாலிட்டியில் தண்ணீர் திறந்துவிடுகிற வேலை. ஆள் உயரத்துக்கு ஒரு இரும்பு வால்வு சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு தெருத்தெருவாகப் போய், குழியின் மூடியைத் திறந்து, சாவியை உள்ளே விட்டுத் திருகித் தண்ணீர் விடுவார், நேரமானதும் வந்து மூடுவார். சாயங்காலம் வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போய், குண்டு இன்றைக்கு வந்த ஒரு சாணுக்குச் சமமாகத் தன் பாயை ஒரு சாண் நகர்த்திப் போட்டுப் படுப்பார். படுத்தால் தலைக்கு மேலேதான் நிற்கும், இருட்டில் எழுந்து நின்றால் நெஞ்சில் இறங்கிவிடுமே. ஒரே வீட்டில் சுற்றினால் வீடு சல்லடையாகிவிடும் என்று தெருவிலேயே பல வீடுகளில் வாடகைக்கு மாறி மாறி இருந்தார். அவர் ஒரு சாண், குண்டு ஒரு சாண், இப்படியே முப்பத்தெட்டு வருஷம் ஓடியது.

துப்பாக்கியைத் தொலைத்துத் தலைமுழுகக் கூடாதா என்றால், பண்ணாமலா இருந்திருப்பார்? கோயிலுக்கு இனாமாகக் கொடுத்தார், குண்டு அவரைப் பார்த்தே வந்தது. கடலில் வீசினார், மறுநாள் வலையில் வந்தது. கடைசியில் நாகூர்ப் பக்கத்துப் பழைய இரும்புக் கடைக்காரருக்கு விலைக்குக் கொடுத்தார். அன்றைக்குத்தான் ஊர் இரண்டு விஷயம் கற்றுக்கொண்டது. ஒன்று, வாரிசை விட்டால், விலைக்கு வாங்கினவரைத்தான் குண்டு உடையவராக எடுத்துக்கொள்கிறது. இரண்டு, உடையவர் ஊர் எல்லைக்கு வெளியே இருந்தால், எவ்வளவு தூரமோ அவ்வளவு வேகமாகப் போகிறது. விற்ற அன்றே சாயங்காலம் அது தெற்கே திரும்பி ரயில் மாதிரிப் பாய்ந்து, வழியில் இரண்டு தண்ணீர்க் குடத்தையும் ஒரு பசுமாட்டின் கொம்பு நுனியையும் உடைத்துக்கொண்டு போனது. கஸ்தோன் சைக்கிளில் விழுந்தடித்துப் போய், கடைக்காரர் காலைப் பிடித்து அழுது, துப்பாக்கியைத் திரும்ப விலைக்கு வாங்கி, அந்தக் கொம்பு உடைந்த மாட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இன்னொரு முறை அழுதார். அதற்குப் பிறகு அவர் ஊர் எல்லையைத் தாண்டவில்லை, துப்பாக்கியை விற்கிற பேச்சையும் எடுக்கவில்லை.

அந்த வருஷம்தான் அஞ்சலாட்சிக்கும் அவருக்கும் கல்யாணப் பேச்சு வந்து நின்றது. இரண்டு பேருக்கும் பிடித்துத்தான் இருந்தது, வேறு வேறு கோயில் என்பதைக்கூட இரண்டு வீட்டிலும் முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொண்டுவிட்டார்கள். கஸ்தோன்தான் மாட்டேன் என்றார். "தெனம் எடம் மாறிப் படுக்கிறவன், யாரைக் கொண்டாந்து பக்கத்துல படுக்க வைக்கிறது?" என்றார். அஞ்சலாட்சி வேறு ஆளைக் கட்டிக்கொள்ளவில்லை. தெருவின் மேற்குக் கோடியில் அவள் வீடு, கிழக்குக் கோடியில் அவருடைய பாட்டன் வீடு. முப்பத்தெட்டு வருஷமாகச் சாயங்காலம் தன் வாசலில் நின்றுகொண்டு, "தண்ணிக்காரரே, பாய நவுத்தியாச்சா?" என்று தெரு அதிரக் கேட்பாள், அவர் எங்கே குடியிருக்கிறாரோ அங்கிருந்து "ஆச்சு, ஆச்சு" என்று குரல் வரும், அதற்குப் பிறகுதான் அவளுக்குச் சோறு இறங்கும்.

அவள் குரலைப் பற்றிச் சும்மா சொல்லக் கூடாது. துறையில் மீன் ஏலம் விடுகிறவள் அவள். ஆண்கள் மட்டுமே ஏலம் விட்ட தளத்தில் எட்டு வருஷம் சண்டை போட்டு, மீனவர் சங்கத்துப் படியேறி இறங்கிக் கால் தேய்ந்து வாங்கிய உரிமை அது. தோளில் சிவப்புத் துண்டு போட்டுக்கொண்டு அவள் தளத்தில் இறங்கினால் வியாபாரிகள் வெற்றிலையைத் துப்பிவிட்டு நிமிர்ந்து நிற்பார்கள். தளத்துக்கு மூன்று சட்டம் உண்டு. தளத்தில் இறக்கி வைத்த சரக்கை விலை பேசாமல் வீட்டுக்குத் திருப்பி எடுத்துப் போகக் கூடாது. கேட்க ஆளில்லாவிட்டால் அதைக் கடலுக்கே கொட்டிவிட வேண்டும். ஏலம் விடுகிறவர் ஏலம் எடுக்கக் கூடாது, எடுத்தால் துண்டைக் கீழே போட்டுவிட்டு எடுக்கலாம், ஆனால் அதற்கப்புறம் ஜென்மத்துக்கும் அந்தத் துண்டைத் தோளில் போட முடியாது.

இப்படியே போயிருக்கும். கஸ்தோனுக்கு மறதி வந்தது. முதலில் டேங்க் நிரம்பி வழிந்தது. அப்புறம் மூட மறந்த வால்விலிருந்து பிள்ளையார் கோயில் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. ஓய்வு கொடுத்து அனுப்பினார்கள், அதையும் மறந்துவிட்டு மறுநாளும் சாவியைத் தூக்கிக்கொண்டு வந்தார், சாவியை வாங்கி வைத்துக்கொண்டார்கள், வெறுங்கையோடு வந்து குழியருகே நின்றார். டாக்டர் பார்த்துவிட்டு இது போகப்போக அதிகமாகத்தான் செய்யும் என்றார். சாயங்காலம் அஞ்சலாட்சி கேட்டால் "ஆச்சு, ஆச்சு" என்ற பதில் மட்டும் தவறாமல் வந்தது. அந்தப் பதில் நாக்கில் பழகிப்போனது, அவ்வளவுதான். பாய் நகர்ந்ததா என்பது வேறு சங்கதி.

ஒரு சித்திரை மாதத்துக் காலையில் மீன் கொடுக்கப் போனவள் கதவைத் தள்ளிப் பார்த்தாள். கஸ்தோன் ஜன்னல் திண்டில் சாய்ந்து உட்கார்ந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார், குண்டு அவருடைய பனியன் கையைத் துளைத்துக்கொண்டு, அக்குளுக்கும் விலாவுக்கும் நடுவே, ரீங்காரம் போட்டுக்கொண்டு நின்றது. அவள் பனியனைக் கிழித்து அவரை இழுத்து இந்தப் பக்கம் போட்டாள். அவர் கண்ணை விழித்து, "என்ன மீனு?" என்றார். அவள் கூடையை அங்கேயே போட்டுவிட்டு அவரைத் திட்டினாள், திட்டிக்கொண்டே அழுதாள், அழுதுகொண்டே அவருக்கு வேறு பனியன் எடுத்துப் போட்டுவிட்டாள்.

அந்த மாதம்தான் கோயம்புத்தூரிலிருந்து நஞ்சப்பன் என்று ஒரு மில் முதலாளி வந்தார், பழைய துப்பாக்கி சேர்க்கிறவர், உரிமமெல்லாம் உள்ளவர். பூதக்கண்ணாடி வைத்துத் துப்பாக்கியை ஒரு மணி நேரம் பார்த்தார். "ஜெர்மன் மவுசருங்க, ராணுவத்துக்குன்னே பண்ணுனது. பாருங்க, கிரீட முத்திரை, எல்லா உறுப்புலயும் ஒரே நம்பரு, ஒண்ணுகூட மாத்துலீங்க. இப்படி ஒண்ணக் கண்ணுல பாக்கோணும்னு இருபது வருசமாச் சுத்துறனுங்க" என்று அதைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரித் தூக்கினார். அன்றைக்குக் கஸ்தோனுக்கு நல்ல நாள், எல்லாம் ஞாபகம் இருந்தது. "வாங்க, இதோட இன்னொரு உறுப்பு இருக்கு" என்று கொல்லைக்குக் கூட்டிப்போய்க் குண்டைக் காட்டினார், எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார். நஞ்சப்பன் நாற்காலி கேட்டு வாங்கிப்போட்டுக் குண்டுக்கு எதிரே ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்தார், இரண்டு சோடா குடித்தார், நான்கு முறை எழுந்து போய்த் துப்பாக்கியைத் தடவிப் பார்த்துவிட்டு வந்தார். பொழுது சாயும்போது காரில் ஏறினார். ஏறும்போது வாசலில் நின்ற அஞ்சலாட்சியிடம், "அம்மிணி, துப்பாக்கிக்கு நான் என்ன வேணும்னாலும் குடுப்பனுங்க, தூக்கத்தக் குடுக்க முடியாதுங்க" என்றார். நல்ல மனுஷன், பாவம், கண் கலங்கித்தான் போனார்.

அந்தச் சொல் அஞ்சலாட்சிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. தூக்கம்தானே விலை? முப்பது வருஷமாக விடியுமுன் எழுந்து துறைக்குப் போகிறவளுக்கு என்ன பெரிய தூக்கம். ஞாபகமும் இருக்கிறது, போன தையில் யார் கூடையில் எத்தனை சங்கரா மீன் வந்தது என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வாள். ஒரு பாயை ஒரு சாண் நகர்த்த எவ்வளவு நேரம் ஆகும்? வாங்கிவிடலாம் என்று குளிக்கும்போது நினைப்பாள். ஆனால் உடையவள் தளத்தில் நின்றால் குண்டும் தளத்துக்கு வரும், நெஞ்சு உயரத்துக் குண்டு திரிகிற கூட்டத்தில் எந்த வியாபாரி நிற்பான், எட்டு வருஷம் சண்டை போட்டு வாங்கின உரிமை எட்டு நாளில் போய்விடும் என்று தலை துவட்டும்போது நினைப்பாள். அப்புறம் பனியன் கையில் இருந்த ஓட்டை ஞாபகம் வரும். வயது ஏற ஏறத் தனக்கும் மறதி வந்தால் என்ன செய்வது என்றும் வரும். அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது, இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது.

அவருக்கு ஞாபகம் நன்றாக இருந்த ஒரு நாளில் நேராகக் கேட்டுவிட்டாள்.

"தண்ணிக்காரரே, அந்தத் துப்பாக்கிய எனக்கு வெலைக்குக் குடுங்க."

அவர் சிரித்தார். "நாகூரு ஞாபகம் இருக்கா ஒனக்கு?"

"ஒங்களுக்கே இருக்குதுன்னா எனக்கு இல்லாமப் போவுமா?"

"அந்த மாட்டோட கொம்பு, அஞ்சல. நாலு விரக்கட கீழ எறங்கியிருந்தா மாடு போயிருக்கும். மாட்டுக்கே நான் அழுதவன். ஒன்மேல அத ஏவி வுட்டுட்டு நான் நிம்மதியாப் படுக்கவா?"

"நான் முழிச்சுக் கெடப்பேன். எனக்கென்ன, கெழவி."

"ஒன்னக் கட்டிக்காம இருந்ததே இதுக்குத்தான். இப்ப வந்து வெலை பேசுற."

அஞ்சலாட்சிக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "அப்பக் கட்டியிருந்தா ரெண்டு பேருமாச் சேந்து பாய நவுத்தியிருக்கலாம்ல? ஒத்தையில நவுத்தி என்னத்தக் கண்டீங்க? சொல்லுங்க, என்னத்தக் கண்டீங்க?" என்றாள். அன்றைக்குப் பாயை அவளே நகர்த்திப் போட்டுவிட்டு வந்தாள்.

நல்ல நாளில் கொடுக்காதவர் மறந்த நாளில் தானாகவே கொடுக்க வந்தார், அதுதான் பெரிய சோதனை. மூலையில் சாய்ந்திருந்த துப்பாக்கியைக் காட்டி, "யாரோட வால்வு சாவி இது? துருப்புடிச்சுக் கெடக்கு. வேணும்னா ஒரு கட்டு வெத்தலையக் குடுத்துட்டு எடுத்துட்டுப் போ" என்றார். அவள் இடுப்புச் சுருக்குப்பையில் ஒரு கட்டு வெற்றிலை அப்போதுதான் வாங்கியது புதிதாக இருந்தது. எடுத்தாள், நீட்டினாள், அவர் கை நீட்டினார். அவருக்கு நாளைக்கு ஞாபகம் வந்து, தெரியாமல் செய்துவிட்டோமே என்று கொம்பு உடைந்த மாட்டின் பக்கத்தில் உட்கார்ந்து அழுத மாதிரி அழுதால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு அவர் எதிரே நிற்பது என்று அவளுக்குத் தோன்றியது. கையை இழுத்துக்கொண்டாள். இரண்டு வெற்றிலையை மடித்து அவருக்குக் கொடுத்தாள், இரண்டைத் தான் போட்டுக்கொண்டாள், இரண்டு பேரும் மென்றுகொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

ஆடி பிறந்து, படகெல்லாம் நிறைந்து வந்த ஒரு காலையில், தளம் சந்தைக்கடையாக இரைந்துகொண்டிருந்தபோது, கஸ்தோன் தோளில் துப்பாக்கியோடு வந்தார். வால்வு சாவி என்று நினைத்து எடுத்து வந்திருக்கிறார். மீன் எடுத்து விற்கிற கூடைக்காரிகள் வழி விட்டார்கள். தளத்தின் நடுவில், சூரைக்கும் சங்கராவுக்கும் இடையில், குனிந்து அதைக் கீழே வைத்தார். "எந்தத் தெருவுக்குத் தண்ணி வரல, சொல்லு, தெறந்து வுடுறேன்" என்றார்.

வைத்தது வைத்ததுதான், இது பிறந்த குழந்தைக்கும் தெரியும். அஞ்சலாட்சி அவர் முகத்தைப் பார்த்தாள். மீன் வாடையோ, காலடி ஈரமோ, அந்த நேரம் பார்த்து அவருக்குத் தெளிந்துவிட்டது. கீழே கிடப்பது என்ன என்று கண்டுகொண்டார். "ஐயோ, அஞ்சல, வேணாம். தெரியாம வச்சுட்டேன். நான் எடுத்துக்கிறேன்" என்று குனிந்தார். சங்கத்துப் பெரியவர் அவர் கையைப் பிடித்து, "தளத்துல எறக்கிட்டீங்களே, கஸ்தோன்" என்றார், ரொம்ப வருத்தமாகத்தான் சொன்னார்.

அஞ்சலாட்சி ஏலம் விட்டாள். "ஜெர்மன் மவுசர் ஒண்ணு, கிரீட முத்திரை போட்டது, எல்லா உறுப்புலயும் ஒரே நம்பர், கூடவே வர்றது என்னான்னு எல்லாருக்கும் தெரியும், கேக்குறவங்க கேளுங்க." ஒருத்தரும் விலை கேட்கவில்லை. "ஒரு தரம்" என்றாள். கடல்தான் இரைந்தது. "ரெண்டு தரம்" என்றாள். மூன்றாம் தரம் சொல்லிவிட்டால் துப்பாக்கி கடலுக்குப் போகும், நாளைக்கு வலையில் திரும்பி வரும், உடையவர் அவரேதான், அவருக்குப் பாய் நகர்த்த மறந்துபோகும். அவள் தோளிலிருந்து சிவப்புத் துண்டை எடுத்தாள், நான்காக மடித்தாள், தளத்துச் சிமெண்டில் வைத்தாள், கூடைக்காரிகள் உட்கார்ந்திருந்த வரிசையில் போய்த் தானும் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"இன்னைக்கு என் கூலி மீனு, அந்த வஞ்சிரம். அதுக்கு நான் கேக்குறேன்" என்றாள்.

கஸ்தோன் தலையில் கைவைத்துக்கொண்டார். அப்போதுதான் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மங்களேஸ்வரி, பத்து மைல் தெற்கேயிருந்து வந்து மீன் எடுத்து விற்கிறவள், தளத்திலேயே வாய்த்துடுக்குக்காரி, முழங்கையால் ஒரு இடி இடித்தாள். "என்னாக்கா, ஏலம் எடுக்கிற மொறையே தெரியாம இத்தினி வருசம் ஏலம் வுட்டியா? முழுக் கூடைய ஒருத்தியா எவளாச்சும் எடுப்பாளா? கூட்டுப் போடு" என்றாள்.

அது அவர்கள் தினம் செய்கிறதுதான். தனியாக ஒரு கூடையை எடுக்கத் தாங்காது என்று நாலைந்து பேர், பத்துப் பேர் சேர்ந்து எடுத்து, அங்கேயே தரையில் கொட்டிப் பங்கு பிரித்துக்கொண்டு ஆளுக்கொரு ஊருக்குப் போவார்கள். துப்பாக்கி மட்டும் சொல்தா வீட்டுச் சொத்து, தகப்பனிடமிருந்து மகனுக்கு வருவது, ஒரே பேரில் இருப்பது என்று நினைத்துக்கொண்டு முப்பத்தெட்டு வருஷமாக ஊரே ஒரு ஆளின் முதுகில் அதை ஏற்றிவைத்திருந்தது, இத்தனைக்கும் எதிரே தினம் கூட்டு நடந்துகொண்டிருந்தது. மங்களேஸ்வரி தன் பங்குக்கு ஒரு பாறை மீனைத் தூக்கி வஞ்சிரத்தின் மேல் போட்டாள். வடக்கேயிருந்து வருகிறவள் ஒரு சங்கராவைப் போட்டாள். மேற்கே வயல்காட்டு ஊர்களுக்குப் போகிறவர்கள் ஆளுக்கொரு மீன் போட்டார்கள். இருபத்திமூன்று கூடைக்காரிகள், அஞ்சலாட்சியோடு இருபத்திநாலு. கஸ்தோன் கைநிறைய மீனோடு நின்று, "இம்புட்டையும் வச்சுக்கிட்டு ஒத்த ஆளு என்ன பண்ணுறது?" என்றார். அழுதார். "மூணு தரம்" என்று சங்கத்துப் பெரியவர்தான் சொல்ல வேண்டியிருந்தது, சொல்வதற்கு வேறு ஆள் இல்லை.

சொல்தா தெருக் கிழக்குக் கோடியில், கஸ்தோன் அப்போது குடியிருந்த பாட்டன் வீட்டு வாசலுக்கு வந்திருந்த குண்டு, கூடைக்காரிகள் ஆளுக்கொரு திசைக்குக் கிளம்பியதும், பார்த்தவர்கள் சொன்னது, தெற்கே திரும்பியது, கொஞ்சம் போனது, வடக்கே திரும்பியது, மேற்கே பார்த்தது, இருபத்திநாலு பக்கமும் ஒரே நேரத்தில் யாரோ கூப்பிட்ட மாதிரி நின்ற இடத்திலேயே சுற்ற ஆரம்பித்தது. இரண்டு நாள் சுற்றியது. மூன்றாம் நாள் மயங்கிப்போய் நின்றுவிட்டது. இன்றைக்கும் அங்கேதான் நிற்கிறது, போகிற வருகிற கூடைக்காரிகள் சும்மாட்டுத் துணியை அதில் மாட்டிக் காயவைத்துவிட்டு எதிர் வீட்டில் தண்ணீர் குடிக்கிறார்கள். துப்பாக்கியைத் தளத்துக் கொட்டகை விட்டத்தில் கட்டித் தொங்கவிட்டார்கள். ஸ்டேஷனிலிருந்து வந்த ஏட்டு உரிமம் யார் பேரில் என்று கேட்டார், இருபத்திநாலு பேரும் ஒரே நேரத்தில் பதில் சொன்னதும், துருப்பிடித்த இரும்புக்கழி ஒன்று என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

அஞ்சலாட்சி கூடை தூக்கி மீன் விற்றாள். வேறு ஒருவர் ஏலம் விடுவதைக் கேட்கும்போதெல்லாம் அவளுக்குத் தொண்டை அரிக்கும், இல்லை என்று சொன்னால் பொய்.

இத்தோடு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். கஸ்தோனுக்கு நல்ல நாள் என்பதே குறைந்துகொண்டு வந்தது, துப்பாக்கியை மறந்தார், விற்றதை மறந்தார், சவரிமுத்துவையும் ஜெர்மன்காரப் பையனையும் மறந்தார். உடம்பு மட்டும் ஒன்றை விடாமல் வைத்திருந்தது. முன்பு மறந்துபோன அதே காரியம் எங்கிருந்தோ திரும்பி வந்து, பொழுது சாய்ந்ததும் எழுந்து பாயை ஒரு சாண் நகர்த்திப் போட்டார். முன்னெல்லாம் வீட்டுக்குள்ளேயே சுற்றியவர், இப்போது நேராக மட்டும் நகர்த்தினார். அறையைத் தாண்டினார், கூடத்தைத் தாண்டினார், வாசற்படி இறங்கினார், குண்டுக்கு வலப்பக்கம் ஒதுங்கித் தெருவுக்கு வந்தார், மேற்கே திரும்பினார்.

தெருவுக்கு இதெல்லாம் புதிதா என்ன. ஒரு நாளைக்கு ஒரு சாண் வருகிறதற்கு வழி விடுவது எப்படி என்று அந்தத் தெருவைவிடத் தெரிந்தவர்கள் உலகத்திலேயே கிடையாது. நாலு மூங்கில் நட்டுக் கீற்றுப் போட்டு ஒரு பந்தல் கட்டினார்கள், தினம் சாயங்காலம் நாலு பேர் ஆளுக்கொரு மூங்கிலைத் தூக்கிப் பந்தலையும் ஒரு சாண் நகர்த்தினார்கள். மழைக்குத் தார்ப்பாய் போட்டார்கள். ஆட்டோக்கள் சுற்றிப்போயின. டீக்கடைக்காரர் மகன், பந்தல் தன் கடைக்கு நேராக இருந்த நாளெல்லாம் அவருக்குக் காசில்லாமல் டீ கொடுத்தான். எங்கே போகிறார் என்று யாரும் கேட்கவில்லை, எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தெரு முழுக்க முந்நூற்றுப் பத்துச் சாண் என்று அளந்துகூட வைத்திருந்தார்கள்.

அஞ்சலாட்சிதான் கேட்டாள், பந்தல் பாதித் தெரு வந்தபோது. "எங்க கெளம்பிட்டீங்க, தண்ணிக்காரரே?"

அவர் அவளை யாரோ தெரியாத பெண்ணைப் பார்ப்பதுபோலப் பார்த்தார், மரியாதையாக எழுந்து நின்றார். "இந்தக் கோடியில ஒரு வீட்டுக்குத் தண்ணியே தெறந்து வுடலங்க. ரொம்ப வருசமாச்சு. பாவம், அந்தப் பொம்பள தெனம் வாசல்ல வந்து நின்னு கேக்குது" என்றார்.

அவள் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, விட்டுப்போன ஏலத்துக்கெல்லாம் சேர்த்துக் குரலெடுத்து அழுதாள். தெருவே கேட்டது.

இது நடந்து நூற்றைம்பது நாள் ஆகிறது. இன்றைக்குப் பந்தலின் முன்கால் அவள் வாசற்படியைத் தொட்டு நிற்கிறது. பொழுது சாய்கிறது, நாலு பேர் மூங்கிலைத் தூக்கத் தயாராக நிற்கிறார்கள், கஸ்தோன் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எழுகிறார். அஞ்சலாட்சி வீட்டைப் பெருக்கி, குடத்தில் தண்ணீர் நிரப்பி, கதவை இரண்டு பக்கமும் விரியத் திறந்துவைத்து, நடுக்கூடத்தில் தன் பாயை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஒரு நாளைக்கு ஒரு சாண் என்று எதுவாவது வீட்டுக்குள் வந்தால், வீட்டிலிருக்கிறவர்கள் பாயைத் தள்ளிப் போட்டுக்கொள்ள வேண்டும் என்பது சொல்தா தெருவில் முப்பத்தெட்டு வருஷத்துப் பழக்கம். அவள் பாயை நகர்த்தவில்லை.